கணப்பு வைத்தியர்

தமிழில் குளிர் என்பது நல்ல சொல். மனம் குளிர்ந்தது என்கிறோம். கண் குளிரக் கண்டேன் என்கிறோம். பாட்டி வயிறு குளிர வாழ்த்தினாள் என்று எழுதினால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அதை அடித்துத் திருத்தமாட்டார். நமக்கு ஆகாதது சூடுதான். சுடுசொல், சுடுகாடு, வயிற்றெரிச்சல் என்று வேண்டாதவற்றையெல்லாம் நெருப்பின் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோம். ஆங்கிலேயனுக்கோ எல்லாம் தலைகீழ். அன்பான வரவேற்பை அவன் கதகதப்பான வரவேற்பு என்பான். பாராமுகமாக இருப்பவனைக் குளிர்ந்தவன் என்பான். இது ஏன் என்று புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. டிசம்பர் மாதத்தில் அங்கே போய், காலை ஐந்து மணிக்குப் போர்வைக்கு வெளியே ஒரு காலை நீட்டிப் பார்த்தால் அரை நொடியில் விளங்கிவிடும்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் லண்டனுக்குப் போயிருந்தேன். என் அக்காள் மகள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். ஹாரோ என்ற பகுதியில் வீடு. நான் இளம் வயதில் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் இங்கிலாந்து என்றால் கணப்பு அடுப்பு; அதன் முன்னால் சாய்வு நாற்காலி; அதில் ஒரு கனவான்; அவர் காலடியில் ஒரு நாய். அந்தக் கணப்பைத் தேடித்தான் முதலில் என் கண் போயிற்று. வீட்டில் அப்படி ஒன்று இல்லை. சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைத் தகரப் பெட்டி மாட்டியிருந்தது. ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே ஓர் இரும்புப் பலகை. அவ்வளவுதான்.

“இதுதான் மாமா கணப்பு” என்றார் மாப்பிள்ளை.

நம் ஊரில் முற்றத்து ஓரம் செப்புப் பாய்லர் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தகரப் பெட்டியைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. நடுவில் குழாய், குழாயில் கரி, சுற்றிலும் தண்ணீர், மேலே புகை போக வழி. இங்கே கரிக்குப் பதில் எரிவாயு. சூடான தண்ணீரை ஒரு சிறிய பம்பு வீடு முழுதும் சுற்றி ஓட்டுகிறது. இரும்புப் பலகைகளில் நுழைந்து, சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய் மீண்டும் பெட்டிக்கே வந்து சேருகிறது. ரேடியேட்டர் என்று அந்தப் பலகைக்குப் பெயர். நம் பாய்லரில் புகை கண்ணைக் கரிக்கும். அதனால் ஆபத்தை உடனே அறிந்து விலகிக்கொள்வோம். அங்கே அப்படியில்லை. சங்கதியே அதில்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை மெக்கானிகல் டிப்ளமோ படித்தவர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஏழு வருஷம் இருந்தார். மனைவிக்கு லண்டனில் வேலை கிடைத்ததும் 2019-இல் கூடவே புறப்பட்டுப் போனார். மனைவியின் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குப் பொருந்தவில்லை. சில மாதம் சாமான் கிடங்கில் பெட்டி தூக்கினார். பிறகு, அந்த நாட்டில் குளிர் இருக்கிறவரை தேய்ந்துபோகாத தொழில் எது என்று யோசித்து, எரிவாயுக் கணப்பு வேலையைக் கற்றுக்கொள்ள முடிவு செய்தார். பயிற்சிக்கூடத்தில் சில மாதம். அதன்பின் தேர்ந்த ஒரு தொழிலாளியின் கீழே ஒரு வருஷத்துக்கு மேல். செய்த வேலை ஒவ்வொன்றையும் புகைப்படத்தோடு எழுதிக் கட்டாக்கிக் காட்ட வேண்டும். பரீட்சை எழுத வேண்டும்; பரிசோதகர் கண் முன்னால் வேலை செய்தும் காட்ட வேண்டும். எல்லாம் தேறிய பிறகு ‘காஸ் சேஃப்’ என்ற பதிவேட்டில் பெயர் ஏறும். அந்தப் பதிவில்லாமல் எரிவாயுக் குழாயில் கை வைப்பது அங்கே சட்டப்படி குற்றம். புகைப்படம் ஒட்டிய அட்டை ஒன்று கொடுக்கிறார்கள். அதன் பின்பக்கத்தில் இவர் எந்தெந்த வேலை செய்யலாம் என்று பட்டியல் இருக்கும். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை திரும்பவும் பரீட்சை.

மாப்பிள்ளைக்கு அந்த அட்டை 2022 செப்டம்பரில் வந்தது. சுவாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பையில் போட்டுக்கொண்டாராம். அக்டோபரிலிருந்து தனியாக வேலைக்குப் போனார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று.

நான் போய் இறங்கிய நாலாம் நாள் இரவு பதினொரு மணி இருக்கும். மாடிப்படியில் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்து பார்த்தேன். மாப்பிள்ளை கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். வேன் புறப்படும் ஒலி கேட்டது. எனக்குத் திக்கென்றது. இந்த வயதில், இந்த ஊரில், இந்த நேரத்தில் ஓர் ஆண்பிள்ளை எங்கே போவான் என்று கதை எழுதுகிறவனுடைய மூளை பத்து விதமாகக் கற்பனை செய்தது. என் மருமகள் சமையலறையில் மறுநாளைக்குத் தோசை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

“அவர் எங்கே போறார்னு கேட்கப் போறீங்களா மாமா? சாயந்திரம் வேலை செஞ்ச வீட்டு வாசல்ல போய் நின்னு பார்த்துட்டு வருவார்.”

“நின்னு எதைப் பார்ப்பார்?”

“வீடு இருக்கான்னு.”

அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையே விஷயத்தைச் சொன்னார். பயிற்சிக்கூடத்தில் ஒரு பழைய படத்தைக் காட்டினார்களாம். லண்டனின் கிழக்கே ரோனன் பாயிண்ட் என்று 22 மாடிக் கட்டடம். குடித்தனம் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1968 மே 16, விடியற்காலை. பதினெட்டாவது மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போடத் தீக்குச்சியைக் கிழித்தாள். இரவெல்லாம் கசிந்திருந்த வாயு வெடித்தது. சுவர் பெயர்ந்தது, மேல்தளம் கீழ்தளத்தின் மேல் விழ, அது அதற்குக் கீழுள்ளதன் மேல் விழ, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. நாலு பேர் மாண்டார்கள். தீக்குச்சி கிழித்தவள் பிழைத்துக்கொண்டாள். விசாரணையில், அடுப்பை எரிவாயுக் குழாயோடு சேர்த்த இடத்தில் இருந்த தரக்குறைவான ஒரு பித்தளை நட்டு உடைந்திருந்தது தெரிந்தது. எரிவாயு வேலை செய்கிறவர்களைப் பதிவு செய்ய ஓர் அமைப்பு அதற்குப் பிறகுதான் ஏற்பட்டது. அதன் இடத்தில் 2009-இல் வந்ததுதான் இப்போதுள்ள ‘காஸ் சேஃப்’.

“ஒரு நட்டு, மாமா” என்று கட்டைவிரல் நகத்தைக் காட்டினார். “நான் ஒரு நாளைக்கு இருபது நட்டு முடுக்கறேன்.”

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று நம் ஊரில் ஒரு பழமொழி வழங்குகிறது. அது ஆயிரம் வேரைக் கொன்றவன் என்பதன் மருவல் என்று பண்டிதர்கள் சொல்லுவார்கள். இரண்டில் எதுவாயினும், அனுபவத்துக்குக் கொஞ்சம் சேதாரம் தவிர்க்க முடியாதது என்பதுதான் அதன் உட்பொருள். தச்சன் நாலு பலகையை வீணாக்கித் தச்சன் ஆகிறான். தையற்காரன் மைத்துனனுடைய சட்டையைப் பாழாக்கிவிட்டுத் தையற்காரன் ஆகிறான். எங்கள் தொழிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாவலாசிரியன் பாழாக்குகிற காகிதத்துக்கு யாரும் பிரேதப் பரிசோதனை செய்வதில்லை. மாப்பிள்ளையின் தொழிலில் இந்தச் சலுகை கிடையாது. முதல் நாள் முதல் வீட்டிலேயே முழு வைத்தியனாக இருந்தாக வேண்டும். ஆனால் முதல் நாளில் யார்தான் முழு வைத்தியன்? இந்த இடுக்கில்தான் அவர் மாட்டிக்கொண்டிருந்தார்.

சரி, அட்டை கொடுத்தவர்கள் இவருக்கு வேலை தெரியும் என்று ஒப்புக்கொண்டுதானே கொடுத்தார்கள்? அதை நான் கேட்டேன். “அவங்க நம்பறாங்க மாமா. எனக்குத்தான் வரல்லே” என்றார். இதைவிடத் தெளிவாக இந்த வியாதியை வருணிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பது எனக்கு அலுத்துவிட்டது. பகலில் அவரோடு வேனில் போக ஆரம்பித்தேன். பெரும்பாலும் வேனிலேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு இருப்பேன். சில வீடுகளில் தாங்களாகவே என்னையும் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்கள்.

குழாய் கசிகிறதா என்று பார்க்கும் சோதனையைச் சொல்ல வேண்டும். அதைப் பார்க்கும்போது எனக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. வீட்டுக்குள் வரும் எரிவாயுவின் அழுத்தம் பிரமாதமான அழுத்தம் ஒன்றும் அல்ல. 21 மில்லிபார் என்கிறார்கள். அதாவது, ஏறக்குறைய ஒரு சாண் உயரத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் பலம். மீட்டர் அருகே ஓர் அளவுமானியை மாட்டுவார். முதலில் கொஞ்சமாக, பத்து மில்லிபாருக்குள், வாயுவை விட்டு வால்வை மூடி ஒரு நிமிடம் பார்ப்பார். முள் ஏறினால் வால்வே சரியில்லை என்று அர்த்தம். பிறகு 20, 21 வரை ஏற்றி மூடி, ஒரு நிமிடம் அடங்கவிட்டு, அதற்கப்புறம் இரண்டு நிமிடம் கண் இமைக்காமல் பார்க்க வேண்டும். புதிதாகப் போட்ட குழாயானால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கவே கூடாது. இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது பரீட்சை முடிவுக்குக் காத்திருந்தவர்களுக்கும், பிரசவ அறைக்கு வெளியே நின்றவர்களுக்கும் தெரியும். மாப்பிள்ளை இதை ஒரே வீட்டில் மூன்று தரம் செய்வார். அப்படியும் இரவு பதினொரு மணிக்கு வேனை எடுப்பார்.

இந்தப் பழக்கத்தைத் தீர்த்துவைத்தவர் அவருடைய குரு. அவர் ஓர் ஆங்கிலேயர், அறுபத்தைந்து வயது. அந்த ஊரில் ஒரு காலத்தில் நிலக்கரியிலிருந்து வடித்த வாயுவைத்தான் வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அதிலேயே விஷம் கலந்திருந்தது. வடகடலுக்கு அடியில் இயற்கை வாயு கிடைத்ததும் 1967-லிருந்து 1977 வரை பத்து ஆண்டுகளில் நாடு முழுவதும் வீடு வீடாகப் போய்ச் சுமார் நான்கு கோடி அடுப்புகளையும் கணப்புகளையும் புதிய வாயுவுக்கு ஏற்ப மாற்றினார்கள். அந்த வேலையின் கடைசிக் காலத்தில் பதினாறு வயதுப் பையனாகச் சேர்ந்தவர் இந்தக் குரு. இப்போது ஓய்வுபெற்று ரோஜாச் செடி வளர்க்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் போய் அவரைப் பார்த்தோம். மாப்பிள்ளையின் இரவுப் பிரயாணத்தை என் மருமகள் போட்டு உடைத்துவிட்டாள்.

கிழவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “ஏன் மூன்று தரம் சோதிக்கிறாய்?” என்று கேட்டார்.

“நிச்சயம் செய்துகொள்ள.”

“மூன்றாவது தரம் பார்க்கும்போது முள்ளைப் பார்த்தாயா, அல்லது உன் பயத்தைப் பார்த்தாயா?”

மாப்பிள்ளை பதில் பேசவில்லை. கிழவர் எழுந்துபோய் ஓர் அலமாரியைத் திறந்தார். அதில் வரிசை வரிசையாகச் சிறு நோட்டுப் புத்தகங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, தெரு, வீட்டு எண், சோதனை தொடங்கிய அழுத்தம், முடிந்த அழுத்தம், பென்சிலால் ஒரு கையெழுத்து. ஒருதரம் ஒழுங்காகச் செய். செய்த உடனே, வேறு எதையும் தொடுவதற்கு முன், எழுது. இரவில் சந்தேகம் வந்தால் வீட்டைப் போய்ப் பார்க்காதே, நோட்டைப் பார். பகலில் அளந்த எண் இரவில் மாறாது. மாறுவது உன் ஞாபகம்தான். இவ்வளவுதான் அவர் சொன்னது. பிறகு ரோஜாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று முதல் மாப்பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு நோட்டு ஏறியது. இரவுப் பிரயாணம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. முதல் வாரம் கோட்டை மாட்டிக்கொள்வார், படியில் நின்று நோட்டைப் பிரித்துப் பார்ப்பார், கோட்டைக் கழற்றிவிடுவார். அடுத்த வாரம் கோட்டைத் தொடவில்லை. நோட்டு மட்டும் தலையணைக்கு அடியில் இருந்தது. என் மருமகள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்காத குறைதான்.

டிசம்பர் 11-ஆம் தேதி இரவு லண்டனில் பனி கொட்டியது. எனக்கு அது புராணக் காட்சி போல் இருந்தது. மாப்பிள்ளைக்குப் பொழுது விடிவதற்குள் ஒன்பது டெலிபோன். இப்போதுள்ள பாய்லர்கள் புகையிலுள்ள நீராவியையும் குளிர்வித்து அதன் சூட்டையும் பிடித்துக்கொள்கின்றன. இங்கிலாந்தில் 2005-லிருந்து பெரும்பாலும் இந்த வகைதான் வைக்கலாம் என்று விதி. அப்படிக் குளிர்ந்த தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே சொட்டிக்கொண்டிருக்கும். குழாய் வீட்டுக்கு வெளியே ஓடினால் பனியில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பாய்லர் களகளவென்று தொண்டை கட்டியது போல் சத்தமிட்டுவிட்டு நின்றுவிடும். மருந்து என்ன தெரியுமா? வெந்நீர். அதுவும் கொதிக்கிற வெந்நீர் கூடாது. கை பொறுக்கிற சூட்டில் ஒரு குவளை, இரண்டு குவளை அந்தக் குழாயின் மேல் ஊற்ற வேண்டும். அன்று ஒன்பது வீட்டில் ஏழு வீட்டுக்கு இதுவே வைத்தியம். குளிரில் விறைத்திருந்த குடும்பங்கள், பாய்லர் ‘உஸ்’ என்று பற்றிக்கொண்ட சத்தத்தைக் கேட்டதும் மாப்பிள்ளையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்குப் பொறாமையாகவே இருந்தது. நாற்பது வருஷமாக எழுதுகிறேன். ஒரு வாசகரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பணம் கேட்பதுதான் அவருக்கு வரவில்லை. ஆங்கிலேயர் வீட்டில் பரவாயில்லை, அவர்களே எவ்வளவு என்று கேட்டுவிடுவார்கள். நம்மவர் வீட்டில் நிலைமை வேறு. “நம்ம ஊர்ப் பிள்ளைதானே!” என்று முறுக்கும் காபியும் கொடுப்பார்கள், பெண்டாட்டியைக் கேட்டதாகச் சொல்லச் சொல்வார்கள், வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள். கூலியைப் பற்றிப் பேச்சே எழாது. ஒரு மாதத்தில் வீட்டில் முறுக்கு மட்டும் இரண்டு டப்பா சேர்ந்திருந்தது. கடைசியில் என் மருமகள் வேலைக்கு முன்பே தொகையைத் தெரிவிக்கும் ஒரு சீட்டை அச்சடித்துக் கொடுத்துவிட்டாள். பெண்களுக்கு இந்த விஷயங்களில் உள்ள தெளிவு தனி.

அவர் முகம் முதன்முதலாக மலர்ந்ததை ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டில் கண்டேன். அங்கே பாய்லரில் தண்ணீர் அழுத்தம் தினமும் இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். நிரப்பினால் மறுநாளும் அதே கதை. முன்பு வந்து பார்த்த இருவர், தரைக்கு அடியில் குழாய் ஒழுகுகிறது, மரத் தரையைப் பெயர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆசிரியரின் மனைவி அழாத குறை. மாப்பிள்ளை தரையைப் பார்க்கவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பாய்லரை எரியவிட்டு, முள்ளைப் பார்த்தார். சூடு ஏற ஏற முள் 1-லிருந்து 2, இரண்டரை, 3 என்று ஏறியது. வெளிச்சுவரில் இருந்த ஒரு செப்புக் குழாயிலிருந்து வெந்நீர் பீச்சியது. அது பாதுகாப்பு வால்வு. 3-ஐத் தொட்டால் திறந்துகொள்ளும்.

தண்ணீர் சூடானால் விரியும் அல்லவா? விரிகிற தண்ணீருக்கு இடம் கொடுப்பதற்காகப் பாய்லருக்குள் ஒரு சின்ன இரும்புக் குடுக்கை உண்டு. உள்ளே ரப்பர்த் திரை; ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. மாப்பிள்ளை அந்தக் குடுக்கையின் காற்று வால்வை ஒரு குச்சியால் அழுத்தினார். கார் டயரில் இருப்பது போன்ற வால்வுதான். காற்று வரவேண்டிய இடத்தில் தண்ணீர் வந்தது. ரப்பர் கிழிந்துவிட்டது, விரிய இடமில்லாத தண்ணீர் சூடாகும்போதெல்லாம் வெளியே ஓடுகிறது, ஆறினதும் அழுத்தம் பூஜ்யம். தரைக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று வேனில் கேட்டேன்.

“சின்ன வயசிலே சைக்கிள் கடையிலே லீவுக்கு வேலை பார்த்தேன் மாமா. பஞ்சர்னு வர்றவங்க எல்லாரும் ட்யூபைக் கழட்டச் சொல்வாங்க. கடைக்காரர் முதல்லே வால்விலே எச்சில் தொட்டுப் பார்ப்பார்.” சொல்லிவிட்டுத் தமக்குத்தாமே சிரித்துக்கொண்டார். ஓசூரையும் அந்த ஊர்ச் சைக்கிள் கடையையும் லண்டனுக்கு வந்த பிறகு அவர் முதல்தடவையாகத் தமக்கு வேண்டிய சொத்தாக எண்ணினார் என்று நினைக்கிறேன். புதிய தொழிலுக்கு வந்தவன் தான் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதாகவே எண்ணிக்கொள்கிறான்.

ஆனால் தூக்கத்தை முழுவதும் மீட்டுக்கொடுத்த வீடு அதுவல்ல. அந்த வீட்டில் அவர் எதையும் ரிப்பேர் செய்யவே இல்லை.

பனி விழுந்து மூன்றாம் நாள் மாலை. எண்பது வயதை எட்டிய ஒரு விதவை, தனியாக இருந்தார். கூடத்தில் பழைய காலத்து எரிவாயுக் கணப்பு. அதன் முதுகுக்குப் பின்னால், சுவருக்குள், பாய்லர். இரண்டின் புகையும் பழைய புகைக்கூண்டு வழியாக மேலே போகும். வருஷாந்தரப் பரிசோதனைக்காகக் கூப்பிட்டிருந்தார். கோளாறு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் எரிகிறது என்றார். நானும் அந்த நெருப்பைப் பார்த்தேன். நாவல்களில் படித்த கணப்பு கடைசியில் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக அதன் முன் உட்கார்ந்தேன். சுகமான வெப்பம். மூதாட்டி பேச்சுவாக்கில், இந்தக் குளிர்காலம் தமக்கு ஆகவில்லை, ஒரு வாரமாகத் தலைவலி என்றார். ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டுக்குப் போனபோது மட்டும் சரியாக இருந்ததாம்; பேரக்குழந்தைகளைப் பார்த்த சந்தோஷந்தான் காரணமாம்.

மாப்பிள்ளையின் கை நின்றது.

கதவு ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். சில நிமிடம் எரியவிட்டு, ஊதுவத்தி மாதிரியான ஒரு புகைக் குச்சியைக் கொளுத்திக் கணப்பின் மேல்விளிம்பில் பிடித்தார். புகை உள்ளே இழுபட்டுக் கூண்டுக்குள் போக வேண்டும். போகவில்லை. தயங்கி நின்று, சுருண்டு, அறைக்குள் எங்கள் முகத்தை நோக்கி வந்தது. விதிப்படி இன்னும் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி பிடித்தார். மறுபடியும் அதேதான்.

கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது இருநூறு மடங்குக்கு மேல் ஆசையோடு போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி வரும், தூக்கம் வரும், சில சமயம் அந்தத் தூக்கம் கலையாது. எரிவாயுவில் இந்த விஷம் இல்லை. எரிவதற்குப் போதிய காற்று கிடைக்காமல், புகை போக வழியில்லாமல் அடைபட்டால்தான் உண்டாகிறது.

மாப்பிள்ளை கணப்பை அணைத்து, வீட்டுக் கதவு ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார். “அம்மா, இதை இனி எரிக்கக் கூடாது. குழாயைத் துண்டித்துவிட உங்கள் அனுமதி வேண்டும்” என்றார். வெளியே பனி உறைந்து கிடக்கிறது. உள்ளே எண்பது வயது. மூதாட்டிக்கு முதலில் புரியவில்லை; புரிந்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. மகனுக்கு டெலிபோன் செய்தார். மகன் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. போன வருஷம் வந்தவன் எல்லாம் சரி என்று சொன்னானே? நீ எத்தனை வருஷமாக இந்த வேலை செய்கிறாய்? புதுப் பாய்லர் விற்கத் தந்திரமா?

நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். இரவில் படியில் நோட்டைப் பிரித்துக்கொண்டு நின்ற அதே மனிதர். “இரண்டரை மாதமாகத் தனியாகச் செய்கிறேன் ஐயா” என்றார். குரல் உயரவில்லை. “நான் சொல்வதை நம்ப வேண்டாம். வேறு யாரை வேண்டுமானாலும் நாளைக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். ஆனால் இன்று இரவு இது எரியாது. நீங்கள் சம்மதிக்காவிட்டால் அவசர உதவி இலாகாவைக் கூப்பிடுவேன். அவர்களுக்கு நிறுத்த அதிகாரம் உண்டு.”

சற்று மௌனம். பிறகு சம்மதம் வந்தது. குழாயைத் துண்டித்து மூடினார். ‘ஆபத்து, உபயோகிக்கக் கூடாது’ என்ற சிவப்புச் சீட்டைக் கட்டினார். அறிவிப்புத் தாளில் கையெழுத்து வாங்கினார். அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும், வாயு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று மகனிடம் இரண்டு தரம் வற்புறுத்தினார். மகன் வந்து அழைத்துப் போக இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். மாப்பிள்ளை வேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என் அறையில் எனக்காக விசேஷமாக வைத்திருந்த மின்சாரக் கணப்பைத் தூக்கிக்கொண்டார்.

“மாமா, உங்களுக்கு...” என்றார்.

“கொண்டு போங்க மாப்பிள்ளை” என்றேன். அன்று இரவு மூன்று போர்வைக்கு அடியில் பல் கிட்டித்தது. ஆனால் அடுத்த அறையிலிருந்து குறட்டை கேட்டது. என் மருமகள் மறுநாள் காலையில் அந்தக் குறட்டையைப் பற்றி மிகுந்த பெருமையோடு குறைப்பட்டுக்கொண்டாள்.

பின்னால் தெரிந்தது: புகைக்கூண்டுக்குள் இருந்த உலோகக் குழாய் துருப்பிடித்து அறுந்து உள்ளேயே மடங்கி விழுந்திருந்தது. எப்போது அறுந்ததோ, போன வருஷம் வந்தவர் மேல் பழி சொல்ல முடியாது. மூதாட்டிக்கு ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொடுத்தார்கள். நாலு நாளில் தலைவலி போய்விட்டது. மகன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. புதுப் பாய்லர் வைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டு ஒரு வரி எழுதியிருந்தார். மாப்பிள்ளை அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஜனவரியில் நான் ஊருக்குத் திரும்பினேன். வரும் வழியில் பெங்களூரில் ஓர் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. ஜன்னலில்லாத சின்னக் குளியலறை. சுவரில் காஸ் கீஸர். மேலே காற்றுப் போக ஒரு சதுரத் துவாரம். குளிர்காற்று வருகிறதென்று அதில் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். முன்பெல்லாம் நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். அன்று துண்டோடு வெளியே வந்து லண்டனுக்கு டெலிபோன் செய்தேன். அங்கே விடிந்திருக்கவில்லை.

விவரத்தை நான் முழுதும் சொல்லி முடிக்கவில்லை. “சிலிண்டரை மூடச் சொல்லுங்க மாமா. இப்பவே. பேப்பரை எடுத்தால் மட்டும் போதாது. கீஸரைக் குளியலறைக்கு வெளியே மாட்டித் தண்ணீரை மட்டும் உள்ளே கொண்டுபோகணும். அதுவரைக்கும் யாரும் அதிலே குளிக்கக் கூடாது” என்றார். ‘நினைக்கிறேன்’ என்றோ ‘எதற்கும்’ என்றோ ஒரு சொல் அதில் இல்லை.

உறவினர் முகம் சுளித்தார். பன்னிரண்டு வருஷமாக இதில்தான் குளிக்கிறோம் என்றார். நான் சிலிண்டரை மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் சமையலறை அடுப்பில் தவலை வைத்து வெந்நீர் போட்டுக் குளித்தோம்.